நொக்ஸின் கண்ணும் செப்புத்தகடும்

எங்கள் ஊர் மூதூர். ஊரின் பெயரைச் சொன்னதும், சரித்திரம் படித்தவர்கள் வெள்ளைக்காரன் மரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆங்கிலேயக் கப்பல் தலைவன் ரொபர்ட் நொக்ஸ் 1660இல் இந்தப் புளிய மரத்தடியில் பிடிபட்டான் என்று அங்கே கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். வாப்பாவின் சைக்கிளில் முன்னால் அமர்ந்து எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருக்கிறேன். ஒருநாளாவது இறங்கிப் பார்த்ததில்லை.

நொக்ஸ் என் மனதில் பதிந்தது ஒரு படத்தினால். காக்கா எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்த பழைய வரலாற்று நூலில் அது இருந்தது. குற்றவாளி ஒருவனை யானை மிதித்துக் கொல்கிறது. அன்றிரவு நான் தூங்கவில்லை. உம்மம்மா ஓதி ஊதிவிட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாமும் படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கண்டி நாட்டு ஆட்கள் இப்படியா இருப்பார்கள், இது வெள்ளைக்காரனின் உடம்பல்லவா என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷி கேட்ட அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க எனக்குப் பல வருடங்கள் ஆயின.

நொக்ஸ் 1641இல் இலண்டனில் பிறந்தவர். தகப்பனுக்கும் அதே பெயர். அவர் தலைமை தாங்கிய ‘ஆன்’ என்ற கப்பல், 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் பாய்மரத்தை இழந்தது. புதிய மரம் தேடிக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். 1660 ஏப்ரலில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் தகப்பனையும் மகனையும் மாலுமிகள் சிலரையும் பிடித்துக்கொண்டார்கள். கல்லிலே கப்பல் தலைவன் என்றிருப்பது தகப்பனைத்தான். மகனுக்கு அப்போது 19 வயது.

செய்தி ஒன்றைக் கொடுத்து மகனைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். கப்பலில் ஏறிய பிறகு அவரைத் தடுப்பதற்கு ஒருவரும் இல்லை. அப்படியே பாய் விரித்துப் போயிருக்கலாம். ஆனால் தகப்பன் கரையில் இருந்தார். மகன் திரும்பி வந்தார். அந்த ஒரு முடிவுக்காக அவர் கொடுத்த விலை பத்தொன்பதரை வருடங்கள். தகப்பனோ மறு வருடம் பெப்ரவரியில் காய்ச்சலில் இறந்துபோனார். அடக்கம் செய்ய ஊராரிடம் உதவி கேட்டபோது, உடலைக் கட்டிக் காட்டுக்குள் இழுத்துச் செல்லக் கயிறு கொண்டு வந்தார்களாம். மகன் மறுத்துவிட்டார். தானும் காய்ச்சலில் கிடந்தவர், தன் வேலைக்காரச் சிறுவனைத் துணைக்கு வைத்துக்கொண்டு குழி தோண்டி அடக்கினார்.

பிறகு பிழைக்க வழி தேடினார். தொப்பி பின்னி விற்றார். நெல்லைக் கடன் கொடுத்து வட்டியாக நெல் வாங்கினார். மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் சுமந்து ஊர் ஊராக வியாபாரம் செய்தார். அந்தச் சாக்கில் வடக்கே போகும் பாதைகளை மெல்ல மெல்ல அறிந்துகொண்டார். 1679 ஒக்டோபரில் நண்பர் ஒருவருடன் காட்டு வழியே நடந்து, மன்னாருக்குத் தெற்கே அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்.

ஊர் திரும்பும் கப்பலில், கண்டதையெல்லாம் நினைவிலிருந்து எழுதினார். அந்த எழுத்தை நூலாக்கக் கைகொடுத்தவர் விஞ்ஞானி ரொபர்ட் ஹூக். நுணுக்குக்காட்டியால் தெள்ளுப்பூச்சியைப் பார்த்து, அதன் கால்மயிர் வரை வரைந்து 1665இல் நூலாக வெளியிட்ட அதே ஹூக்தான். தூர தேசம் போய் வரும் மாலுமிகளின் அனுபவம் எழுதப்படாமலே அழிந்துபோகிறதே என்ற கவலை அவருக்கு இருந்தது. நொக்ஸின் நூலுக்கு முன்னுரையும் எழுதினார். 1681இல் இலங்கையைப் பற்றிய அந்த நூல் படங்களோடு இலண்டனில் வெளிவந்தது.

அக்காலத்தில் நூலுக்குப் படம் போடுவது சாமானிய வேலையல்ல. வழவழப்பாக்கிய செப்புத்தகட்டில் கூரிய உளியால் கோடு கோடாகக் கீற வேண்டும். மையைத் தடவித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் மை நிற்கும். ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் படம் தாளில் இறங்கும். அதுவும் இடம் வலம் மாறி இறங்கும். அதை உணராமல் செதுக்கினால் வலக்கைக்காரன் இடக்கைக்காரன் ஆகிவிடுவான். இவ்வளவு உழைப்புக்கும் செலவுக்கும் ஈடாகத்தான் பயண நூல்களில் வாசகரைத் திடுக்கிட வைக்கும் காட்சிகளைத் தேடிச் சேர்த்தார்கள் போலும்.

ஹூக்கின் தெள்ளுப்பூச்சிக்கும் நொக்ஸின் யானைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். ஹூக் தாமே பார்த்து வரைந்தார். நொக்ஸின் நூலிலோ பார்த்த கண் ஒருவருடையது, செதுக்கிய கை இன்னொருவருடையது. அந்தக் கை இலங்கையைக் கண்டதில்லை. ஏர் பூட்டுதல், சூடு மிதித்தல், தாளிப்பனை ஓலையைத் தலைக்குமேல் பிடித்தபடி நிற்கும் மனிதன், இறகு செருகிய தொப்பியோடு அரசன் என்று எல்லாம் நொக்ஸின் சொல்லைக் கேட்டு உருவானவை. சொல் எட்டிய இடம் வரை படம் நன்றாகவே வந்திருக்கிறது. எழுத்தில் சொல்லியிருப்பது போலவே இறகும் தொப்பியும் இருக்கின்றன. சொல்லில் வராத தோள், கெண்டைக்கால், முகம் ஆகியவற்றை அந்தச் சிற்பி தனக்குப் பழகிய ஐரோப்பிய உடம்புகளிலிருந்தே எடுத்துக்கொண்டார். உம்மம்மாவின் கண்ணில் பட்டது அதுதான்.

இப்போது அந்தப் படங்களைப் புரட்டும்போது, அங்கே இல்லாதவைதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கின்றன. கண்டி இராச்சியத்திலிருந்த சோனகரைப் பற்றி நொக்ஸ் எழுதியிருக்கிறார். ஆனால் படம் இல்லை. தகப்பனுக்குக் குழி தோண்டும் மகனின் படமும் இல்லை. லூசியாவும் இல்லை. அவள் நொக்ஸைப் போலவே சிறைப்பட்ட ஓர் ஆங்கிலேயருக்கு இங்கே பிறந்த சிறுமி. எலதெத்த கிராமத்திலிருந்த தன் வீட்டில் நொக்ஸ் அவளை வளர்த்தார். தப்பிச் செல்லும்போது அவளை விட்டுவிட்டுத்தான் போனார். வீடும் நிலமும் அவளுக்கே சேர வேண்டுமெனப் பின்னாளில் தோழர்களுக்கு எழுதினார். அவளுடைய முகம் எப்படியிருந்தது என்று நமக்குக் காட்ட யாரும் ஒரு தகட்டையும் தீட்டவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. இத்தனை காலம் பிறர் பிடியில் கிடந்த இந்த மனிதர், 1680களில் கம்பனிக் கப்பல் ஒன்றுக்குத் தலைவராகி மடகஸ்கார் போய், சென் ஹெலனா தீவுக்காக அடிமைகளை வாங்கினார். தகப்பனுக்காகக் கரைக்குத் திரும்பிய மகன்தான் இவர். இதை முதலில் வாசித்த அன்று எனக்கு அவர்மேல் கடும் கோபம் வந்தது. இப்போதும் அது முழுதாக ஆறவில்லை.

நொக்ஸ் 1720இல் காலமானார். நூல் வெளிவந்த பின்பும் அவர் அதை விடவில்லை. புதிது புதிதாக நினைவுக்கு வந்தவற்றையும் தன் வாழ்க்கைக் கதையையும் எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். அவர் இருக்கும் வரை அவை அச்சேறவில்லை, 1911இல்தான் வெளிவந்தன.

சென்ற விடுமுறையில் வாப்பாவிடம் சொல்லி சைக்கிளை நிறுத்தி, அந்தக் கல்லருகே இறங்கினேன். தொலைபேசியில் சூடு மிதிக்கும் படத்தை எடுத்து வாப்பாவிடம் காட்டினேன். அவர் விவசாயி. படத்தை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, மாடுகளை இவன் சரியாகத்தான் கேட்டு எழுதியிருக்கிறான் என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளை மிதிக்கத் தொடங்கினார்.