சோற்றுக்கு வேலை செய்தவர் கோபுரம் கட்டினார்



தைப்பூசத்துக்குச் சிங்கப்பூர் போய் வந்தவர்கள் சிராங்கூன் சாலையில் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். காவடிகள் புறப்படுவது அங்கிருந்துதான். அதன் வாசலில் நிற்கும் ஐந்து நிலைக் கோபுரம் 1966-ல் எழுந்தது. அதற்குப் பணம் கொடுத்தவர் பி. கோவிந்தசாமி பிள்ளை. ஜனங்கள் சுருக்கமாக பி.ஜி.பி. என்பார்கள்.

பெரிய முதலோடு வந்தவரா அவர்? இல்லவே இல்லை.

1887-ல் தமிழ்நாட்டில் பிறந்தவர், 1905-ல் கப்பலேறி சிங்கப்பூர் வந்தார். சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் வேலை கிடைத்தது. சம்பளம் கிடையாது. சோறும் படுக்க இடமும்தான் கூலி. கையில் காசு வராவிட்டாலும் வியாபாரம் பிடிபட்டது.

பிறகு கடன் வாங்கி அந்தக் கடையையே எடுத்துக்கொண்டார். மளிகையிலிருந்து ஜவுளிக்குப் போனார். கடைகள் பெருகின. சேலை எடுக்கவேண்டுமா, பி.ஜி.பி.க்குப் போ என்கிற அளவுக்குப் பேர் வந்தது.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். கடன் வாங்கினார் என்றோம் அல்லவா? கடனில் இரண்டு வகை உண்டு. அவர் வாங்கிய கடன் கடையாக நின்று தினமும் சம்பாதித்தது. தன் வட்டியைத் தானே கட்டியது. நாம் தீபாவளிக்கும் சடங்குக்கும் வாங்குகிற கடன் ஒரே நாளில் சாப்பாடாகவும் பட்டாசாகவும் போய்விடுகிறது. வட்டி மட்டும் வீட்டில் உட்கார்ந்துகொள்கிறது. 100 வெள்ளிக்கு மாசம் 10 வெள்ளி வட்டி என்றால் வருஷத்தில் 120 வெள்ளி போகும். முதல் அப்படியே நிற்கும்!

1942-ல் ஜப்பான்காரன் வந்தான். அவன் அச்சடித்த வாழைமர நோட்டு 1945-ல் வெறும் காகிதமாயிற்று. மூட்டை கட்டி வைத்தவர்கள் தலையில் கைவைத்தார்கள். நோட்டு செத்தாலும் கற்ற தொழில் சாகவில்லை. யுத்தத்துக்குப் பிறகும் பி.ஜி.பி. கடைகள் சிராங்கூன் சாலையில் கொடிகட்டிப் பறந்தன.

சேர்த்ததை அவர் பூட்டியும் வைக்கவில்லை. கோயிலுக்கும் பொதுக் காரியங்களுக்கும் கொடுத்தார். பெருமாள் கோயிலில் அவர் பேரில் கல்யாண மண்டபமும் உண்டு. 1980-ல் காலமானார்.

எல்லாரும் பி.ஜி.பி. ஆகிவிட முடியுமா? முடியாது. மரம் வெட்டுகிற கூலியில் சேமிப்பது லேசில்லை என்பது நமக்கும் தெரியும். மழைக்காலத்தில் பாதி மாசம் வேலையே இருக்காது. அதனால்தான் வெயில் மாசத்தில் கொஞ்சம் ஒதுக்கவேண்டும் என்கிறோம்.

சம்பளத்தன்று கள்ளுக்கடைக்கும் பற்றுக்கடைக்கும் முன்னால் சேமிப்புக்கு எடுத்து வையுங்கள். நாளுக்கு ஒரு வெள்ளி என்றாலும் வருஷத்தில் 365. பிள்ளைக்குப் பள்ளி உடுப்பும் புத்தகமும் அதில் வரும். கடைப்பற்றுக் கணக்கை நீங்களும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். கடன் கேட்குமுன், இந்தக் கடன் சம்பாதிக்குமா, சாப்பிடுமா என்று வீட்டுக்காரியோடு உட்கார்ந்து பேசுங்கள்.

அடுத்த தைப்பூசத்துக்குப் போனால் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கும், அதைக் கட்டியவர் சோற்றுக்கு வேலை செய்த கதையைச் சொல்லுங்கள்.