கொடி ஏன் படபடக்கிறது? – லார்ட் ராலேயின் கதை

நம் கல்லூரிக் கொடிக்கம்பத்தை மறந்தவர் யாராவது உண்டா? சுதந்திர தின விழாவில் தலைமை விருந்தினர் பேச்சைக் கேட்காமல், மேலே படபடக்கும் கொடியையே பார்த்துக்கொண்டு நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன். காற்று விட்டுவிட்டு வீசுவதால்தான் கொடி ஆடுகிறது என்று அன்று நினைத்தேன். அது மட்டுமே காரணமில்லைன்னு 1878-லேயே ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

அவர்தான் லார்ட் ராலே. ஜான் வில்லியம் ஸ்ட்ரட் என்பது இயற்பெயர். 1842 நவம்பர் 12-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் பிறந்தார். சின்ன வயதிலிருந்தே நோஞ்சான் உடம்பு. பள்ளிப்படிப்பு பலமுறை தடைப்பட்டது. ஆனாலும் 1865-ல் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம்.

1871-ல் திருமணம். அடுத்த ஆண்டே கடுமையான வாதக் காய்ச்சல்; பிழைப்பாரா என்ற நிலை. உடல் தேற எகிப்துக்குப் போனார். நைல் நதியில் படகிலேயே வாசம். அங்கே சும்மா படுத்திருந்தாரா? இல்லை. ஒலியியலுக்கே அடித்தளமான தம் பெரிய நூலை எழுதத் தொடங்கினார். அதன் இரண்டு பாகங்களும் 1877, 1878-ல் வெளிவந்தன.

அதே சமயத்தில்தான் கொடியையும் பாய்மரத் துணியையும் பற்றி யோசித்தார். விஷயம் ரொம்ப எளிசு. துணியில் ஒரு சின்ன மேடு விழுந்தால், மேட்டுப் பக்கம் காற்று வேகமாக ஓடும். அங்கே அழுத்தம் குறையும். மறுபக்கப் பள்ளத்தில் காற்று மெதுவாகும், அழுத்தம் கூடும். ஆக, மேடு இன்னும் மேலே தள்ளப்படும். காற்று ஒரே சீராக வீசினாலும் துணியில் அலை வளர்ந்தே தீரும்!

ஆனால் தம் கணக்கில் அவர் துணியின் எடையையும் விறைப்பையும் விட்டுவிட்டார். அதனால் எவ்வளவு மெல்லிய காற்றிலும் கொடி ஆட வேண்டும் என்று விடை வந்தது. நிஜத்தில் அப்படியில்லையே! 2000-ல் நியூயார்க்கில் ஓடும் சோப்புப் படலத்தில் பட்டு நூலை வைத்துப் பார்த்தார்கள். குட்டை நூல் ஆடாமல் நேராக நின்றது. நீளமான நூல் படபடத்தது. விறைப்பும் எடையும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமை பெறும். 2005-ல் அப்படி ஒரு கணக்கைத் தந்த இருவரில் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த மகாதேவன் என்பது நமக்குப் பெருமை.

கொடியோடு போகிற சமாச்சாரமா இது? விமான இறக்கை நடுங்குவதும், நாம் குறட்டை விடும்போது மேலண்ணத்தின் மென்பகுதி அதிர்வதும் இதே குடும்பம்தான். 1909-ல் அமைந்த பிரிட்டிஷ் விமானவியல் ஆலோசனைக் குழுவுக்குத் தலைவரானவர் ராலேதான். 1916-ல் ஹேண்ட்லி பேஜ் விமானத்தின் வால் நடுக்கம் ஆராயப்பட்டதும் அந்தக் குழுவின் காலத்தில்தான்.

மேக்ஸ்வெல்லுக்குப் பின் 1879 முதல் 1884 வரை கேவண்டிஷ் பேராசிரியர். பிறகு டெர்லிங் கிராமத்துச் சொந்த வீட்டு ஆய்வகத்தில் வேலை. காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், ரசாயனத்தில் தயாரித்ததைவிடச் சுமார் அரை சதவீதம் கனமாக இருந்தது. வேறொருவராக இருந்தால் தராசைத் திட்டியிருப்பார். இவரோ தமக்குப் புரியவில்லை என்று 1892-ல் பத்திரிகையிலேயே எழுதி, வேதியியலாரிடம் விளக்கம் கேட்டார். அதிலிருந்து, ராம்சேயோடு சேர்ந்து ஆர்கான் கண்டுபிடிக்கப்பட்டது. 1904-ல் நோபல் பரிசு. பரிசுப் பணத்தைக் கேம்பிரிட்ஜுக்கே கொடுத்துவிட்டார். 1919 ஜூன் 30-ல் காலமானார்.

இன்று படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உடம்பு சரியில்லை, நல்ல லேப் இல்லை என்று நாமும் எத்தனையோ காரணம் சொல்லியிருக்கிறோம். அவர் படகில் உட்கார்ந்தே புத்தகம் எழுதினார். அவர் விட்டுவைத்த கணக்கை நூறு வருஷம் கழித்தும் தொடர்ந்தார்கள். அடுத்த கொடியேற்றத்தில் நீங்களும் கொஞ்சம் மேலே பாருங்க. பேச்சைக் கேட்கவில்லை என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்!