‘சி:’ டிரைவ் எங்கிருந்து வந்தது? டாஸுக்கு ஊற்றாக இருந்த கேரி கில்டாலின் கதை

பாபநாசம் அடிவாரத்தில் உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் ஒரு பழைய 386 கம்ப்யூட்டர் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1990-களில் மாமா வாங்கியது. அதில் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ விளையாடியதைப் பற்றி அவர் இன்றைக்கும் பேசுவார்.

இந்த லீவில் அதை ஓட்டிப் பார்த்துடலாம்னு கீழே இறக்குறீங்க. அவ்வளவு சுலபமா நடக்குமா? மதர்போர்டில் இருந்த பேட்டரி கசிந்து, செம்புத் தடங்களில் பச்சை பூத்திருக்கும். பேட்டரி போனதால், எந்த ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கிறது என்பதே மெஷினுக்கு மறந்துபோயிருக்கும். ஆற்றங்கரை ஈரத்தில் ஃபிளாப்பிகளில் பூஞ்சை படிந்திருக்கும். எல்லாவற்றையும் சரிசெய்து ஆன் பண்ணினால், கறுப்புத் திரையில் ‘சி:’ என்று ஓர் எழுத்து, பக்கத்தில் கண் சிமிட்டும் ஒரு கோடு. ஏதாவது ஒரு பெரிய கேமின் பெயரை அடித்தால், மெமரி போதவில்லை என்று பதில் வரும்.

அந்தக் கறுப்புத் திரை மைக்ரோசாஃப்டின் டாஸ். ஆனால் அதன் ஊற்று வேறு இடம். திருநெல்வேலிப் பாலத்தில் நின்று தாமிரபரணியைப் பார்க்கிறவருக்கு, பொதிகை மலையில் அது எங்கே பிறக்கிறது என்று தெரியாது. டாஸும் அப்படித்தான். அது பிறந்த மலையின் பெயர் கேரி கில்டால்.

யார் இவர்?

1942 மே 19-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தவர். மாலுமிகளுக்குக் கடல் வழி கணக்கிடக் கற்றுக்கொடுக்கும் பள்ளியை அவர் குடும்பம் நடத்திவந்தது. கில்டாலும் அங்கே பாடம் எடுத்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேரும்போது கணித ஆசிரியர் ஆவதுதான் அவர் எண்ணம். போன இடத்தில் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டது. 1972-ல் கணினி அறிவியலில் முனைவர் பட்டமும் வாங்கினார்.

கலிஃபோர்னியாவின் மாண்டரேயில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் ஆசிரியர் வேலை. அப்போதுதான், 1971-ல், இன்டெல் நிறுவனம் 4004 என்ற சின்னஞ்சிறு சிப்பை வெளியிட்டிருந்தது. பலர் அதை டிராஃபிக் விளக்குக்கும் கால்குலேட்டருக்கும் ஆகும் பொருளாகப் பார்த்தார்கள். கில்டால் அதற்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். இன்டெலுக்கு ஆலோசகராகப் போய், 1973-ல் இந்தச் சிப்புகளுக்கென்றே ‘பிஎல்/எம்’ என்ற நிரல் மொழியை உருவாக்கினார்.

சிபி/எம் என்ன செய்தது?

அடுத்த தேவை, ஃபிளாப்பி டிஸ்க்கில் கோப்புகளை எழுதவும் எடுக்கவும் ஒரு மென்பொருள். டிரைவை கம்ப்யூட்டரோடு இணைக்கும் சர்க்யூட் அவருக்குக் கைவரவில்லை. நண்பர் ஜான் டொரோடி அதைச் செய்து கொடுத்தார். 1974-ல் பசிஃபிக் குரோவ் ஊரில், கில்டாலின் வீட்டிலேயே ‘சிபி/எம்’ முதன்முதலாக உயிர்பெற்றது. இன்டெல் அதை விற்க ஆர்வம் காட்டவில்லை. சரி, நாமே விற்போம் என்று மனைவி டோரதியும் அவரும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனிதான் டிஜிட்டல் ரிசர்ச்.

ஆனால் ஒரு சிக்கல். அன்றைக்கு ஒவ்வொரு கம்பெனி மெஷினும் ஒவ்வொரு மாதிரி. டிரைவ் வேறு, திரை வேறு. ஒவ்வொன்றுக்கும் மென்பொருளை முதலில் இருந்து திருத்த வேண்டுமா? கில்டால் ஒரு வழி கண்டார். வன்பொருளைத் தொடும் வேலைகளை மட்டும் தனியாகப் பிரித்து ஒரு சின்னப் பகுதிக்குள் வைத்தார். அதற்கு ‘பயாஸ்’ என்று பெயர். புது மெஷின் வந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே ஓடும்.

நம்ம ஊர்ப் பக்கம் சொன்னால், பாபநாசம் நீர்மின் நிலையத்தில் எந்த டர்பைன் சுற்றுகிறது என்று உங்கள் மிக்ஸிக்குத் தெரிய வேண்டியதில்லை. சுவரில் பிளக் பாயின்ட் ஒரே மாதிரி இருந்தால் போதும். மென்பொருளுக்கு அந்த பிளக் பாயின்ட்டைக் கொடுத்தவர் கில்டால். 1980 வாக்கில் சிறிய கம்ப்யூட்டர் உலகின் பொது மேடை சிபி/எம்தான்.

ஐபிஎம் வந்த நாளில் என்ன நடந்தது?

1980-ல் ஐபிஎம் ரகசியமாக ஒரு பர்சனல் கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தது. அதற்கு இயங்குதளம் வேண்டும். மைக்ரோசாஃப்டைக் கேட்டபோது, பில் கேட்ஸ் கில்டாலிடம்தான் அனுப்பிவைத்தார்.

இங்கேதான் அந்தப் பிரபலமான கதை. ஐபிஎம் ஆட்கள் வாசலில் காத்திருக்க, கில்டால் ஜாலியாக விமானம் ஓட்டப் போய்விட்டார், அதனால் உலகத்தையே இழந்தார் என்பார்கள். மேலாண்மை வகுப்புகள் வரைக்கும் ஓடிய கதை இது. நடந்தது வேறு. அவர் விமானம் ஓட்டத் தெரிந்தவர், அன்று தன் விமானத்தில் பறந்ததும் நிஜம். ஆனால் போனது ஒரு வாடிக்கையாளரைப் பார்க்க, தொழில் விஷயமாக. ஒப்பந்தப் பேச்சுகளை டோரதி கவனிப்பது அந்தக் கம்பெனியில் வழக்கம்தான். ஐபிஎம் நீட்டிய ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒருதலைப்பட்சமாக இருந்ததால் கையெழுத்துப் போட அவர் தயங்கினார். மதியத்துக்கு மேல் கில்டாலும் திரும்பி வந்தார்.

உண்மையான இழுபறி பணத்தில். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு, பெயரையும் மாற்றிக்கொள்வோம் என்றது ஐபிஎம். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் உரிமைத்தொகை வேண்டும் என்பது கில்டால் பக்கம். பேச்சு முடியவில்லை.

மைக்ரோசாஃப்ட் அந்த இடைவெளிக்குள் நுழைந்தது. சியாட்டிலில் டிம் பேட்டர்சன் என்ற இளைஞர், சிபி/எம் நிரல்களைச் சுலபமாக மாற்றி ஓட்டும்படி, அதன் கையேட்டை வைத்து அதே பாணியில் ஓர் இயங்குதளம் எழுதியிருந்தார். 1981 ஜூலையில் அதன் முழு உரிமையையும் மைக்ரோசாஃப்ட் 50,000 டாலருக்கு வாங்கியது. அதுதான் டாஸ். டிரைவுகளுக்கு ‘ஏ:’, ‘பி:’ என்று எழுத்து வைப்பது, கோப்புப் பெயருக்கு 8 எழுத்து, பின்னொட்டுக்கு 3 எழுத்து, பட்டியலைக் காட்ட ‘டிர்’ என்ற கட்டளை என எல்லாம் சிபி/எம் வழியாக அதற்குள் வந்தவை.

கில்டால் கோபப்பட்டார், வழக்குப் போட யோசித்தார். ஐபிஎம் சமாதானமாக ஒன்று சொன்னது: சிபி/எம்-மையும் சேர்த்தே விற்கிறோம். அவரும் ஒத்துக்கொண்டார். விலைப்பட்டியல் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. டாஸ் 40 டாலர், சிபி/எம்-86-க்கு 240 டாலர். நீங்கள் கடைக்குப் போயிருந்தால் எதை எடுத்திருப்பீர்கள்?

கேம் ஓட்டுவதற்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு விதத்தில் சம்பந்தம் உண்டு.

ஒன்று, கில்டால் போட்ட பிளக் பாயின்ட்டை கேம் எழுதியவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தவில்லை. பயாஸ் வழியாகப் போனால் வேகம் குறையும் என்று திரை மெமரியிலும் சவுண்ட் கார்டிலும் நேரடியாகக் கைவைத்தார்கள். அதனால்தான் பழைய கணக்குப் புரோகிராம் எந்த மெஷினிலும் ஓடுகிறது. கேம் மட்டும் இந்தக் கார்டு வேண்டும், இந்த எண்ணில் வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. சில கேம்கள் பிராசஸர் வேகத்தையே கடிகாரமாக நம்பியவை. புது மெஷினில் போட்டால் கண்மூடித்தனமாகப் பறக்கும். பழைய கேபினட்டில் இருக்கும் ‘டர்போ’ பட்டன் இதற்காகத்தான், வேகத்தைக் குறைக்க.

இரண்டாவது, அந்த மெமரி தகராறு. மெஷினில் 4 எம்பி இருந்தாலும், டாஸ் நிரல்களுக்கு நேரடியாகக் கிடைப்பது முதல் 640 கேபி மட்டுமே. டாஸ், மவுஸ் டிரைவர், சிடி டிரைவர் எல்லாம் அதில் இடம் பிடித்துவிட்டால் கேமுக்கு மிச்சம் இருக்காது. 1990-ல் டிஜிட்டல் ரிசர்ச் வெளியிட்ட ‘டிஆர்-டாஸ் 5’, தன்னையும் டிரைவர்களையும் மேல் மெமரிக்கு ஏற்றி, கீழே இடம் காலிசெய்து கொடுத்தது. மைக்ரோசாஃப்டின் டாஸ் 5 அந்த வசதியோடு வந்தது 1991-ல். ஆக, மாமாவின் 386-ல் ‘கான்ஃபிக்.சிஸ்’ கோப்பைத் திறந்து டிரைவர்களை மேலே தள்ளும்போது, கில்டாலின் கம்பெனி முதலில் காட்டிய வழியில்தான் போகிறீர்கள்.

அப்போ அவர் தோற்றவரா?

பணத்தில் அவர் ஏழையாகவில்லை. 1985-ல் ஒரு முழுக் கலைக்களஞ்சியத்தை சிடியில் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ‘கம்ப்யூட்டர் கிரானிக்கிள்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பல ஆண்டுகள் இணைத் தொகுப்பாளராக உட்கார்ந்து, போட்டியாளர்களின் தயாரிப்புகளையும் பொறுமையாக விளக்கினார். 1991-ல் கம்பெனியை நாவெல் வாங்கியது.

வலித்தது வேறு. போகிற இடமெல்லாம் கேட்ஸிடம் தோற்றவர் என்றே அவரை அறிமுகம் செய்தார்கள். தன் பக்கத்தை நினைவுக்குறிப்பாக எழுதினார், அது புத்தகமாக வரவில்லை. டோரதியுடனான மணவாழ்வும் முறிந்திருந்தது, குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. 1994 ஜூலையில் மாண்டரேயில் ஒரு மதுக்கூடத்தில் விழுந்து தலையில் அடிபட்டது. மூன்று நாள் கழித்து, ஜூலை 11-ல் இறந்தார். வயது 52.

மரியாதை தாமதமாக வந்தது. 2014-ல் பசிஃபிக் குரோவில் அவருடைய பழைய அலுவலகத்தின் முன் நினைவுப் பலகை பதித்தார்கள். அதே ஆண்டு சிபி/எம்-மின் ஆரம்பகால மூல நிரல் பொதுவில் வெளியானது. 2016-ல் அவர் பிள்ளைகளின் சம்மதத்தோடு நினைவுக்குறிப்பின் ஒரு பகுதியும் வந்தது.

இன்றைய விண்டோஸ் லேப்டாப்பிலும் ‘சி:’ இருக்கிறது. ‘ஏ:’யும் ‘பி:’யும் ஃபிளாப்பிகளுக்காக ஒதுக்கிய எழுத்துகள். ஃபிளாப்பி போய் இத்தனை வருஷம் ஆகியும் ஹார்ட் டிஸ்க் இன்னும் மூன்றாவது எழுத்தில்தான் நிற்கிறது. மாமாவின் 386 உயிர்பெற்றால், கேமுக்குள் போவதற்கு முன்னால் ‘டிர்’ என்று அடித்துப் பாருங்க. ஒரு கணித வாத்தியார் தன் வீட்டில் உட்கார்ந்து செய்தது, 50 வருஷம் கழித்தும் பதில் சொல்லும்.