எர்னஸ்டு ஸ்டார்லிங்

மயிரினும் நுண்ணிய தந்துகிகளின் வழியே இரத்தம் ஓடுங்கால், அதிலுள்ள நீரில் ஒரு பகுதி அவற்றின் சுவரைக் கடந்து புறத்தே ஊறுகின்றது. ஊறிய நீரெல்லாம் அங்கேயே தேங்கின் உடல் வீங்கிப்போகுமன்றோ? அங்ஙனம் நேராதிருப்பதன் காரணத்தை ஆராய்ந்துணர்த்திய அறிஞரே எர்னஸ்டு ஸ்டார்லிங்.

இவர் 1866-இல் லண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் பம்பாயில் நீதிமன்றப் பதவி வகித்தவர். ஆதலின் மைந்தர் அவரைக் காண்பது அரிதாயிருந்தது. கைஸ் மருத்துவசாலையில் வைத்தியம் பயின்ற ஸ்டார்லிங், 1892-இல் பிரெஸ்லௌ நகரஞ் சென்று, ஹைடன்ஹைன் என்னும் பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தார். சுரப்பிகள் நீர் சுரப்பதுபோலத் தந்துகிச் சுவரின் உயிரணுக்களே நிணநீரைச் சுரக்கின்றன என்பது அப்பெரியாரின் கொள்கை.

தாயகம் திரும்பிய ஸ்டார்லிங், தம் நண்பர் பேலிஸுடன் கூடி இரத்த அழுத்தங்களை அளந்து பார்த்தார். ஆசிரியர் கொள்கைக்கு மாறான முடிவே கிடைத்தது. ஆசிரியர்பால் மதிப்பிருந்தும், கண்ட உண்மையை அவர் மறைத்திலர்.

1896-இல் அவர் வெளியிட்ட சோதனை எளியது. நாயின் ஒரு பின்னங்காலில் உப்புநீரைப் புகுத்தி, அதனூடே இரத்தத்தைப் பலமுறை செலுத்தினார். அவ்விரத்தம் நீர்த்தது, உப்புநீர் புகுத்தாத மற்றக் காலினூடே சென்ற இரத்தம் அங்ஙனம் நீர்க்கவில்லை. ஆகவே, புறத்தேயுள்ள நீரை இரத்தம் உள்ளிழுக்க வல்லதென்பது புலனாயிற்று. இதயத்தின் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகின்றது. சுவரை எளிதிற் கடக்கவியலாத இரத்தப் புரதங்கள் அதனை உள்ளே ஈர்க்கின்றன. இவ்விரண்டின் சமநிலையே உடலைக் காக்கின்றது. கல்லீரல் நோயினால் இரத்தப் புரதம் குறைந்தோர்க்கு உடல் வீங்குவதன் காரணமும் இதனாலே விளங்கும்.

முதல் உலகப் போரில் குருதியிழந்த வீரர்க்கு வெறும் உப்புநீர் நிலையாத பயனே தந்தது. புரதத்திற்கு ஈடாகக் கருவேலம் பிசின் வகையைக் கரைத்துச் செலுத்தும் முறையைப் பேலிஸ் வகுத்தது, இவ்வுண்மையின் வழியேயாம்.

இருவரும் 1902-இல் செக்ரெட்டின் என்னும் பொருளைக் கண்டனர். 1905-இல் ஹார்மோன் என்னும் பெயரை ஸ்டார்லிங் வழங்கினார். எனினும் நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. 1927-இல் கடற்பயணத்தின்போது, ஜமேக்கா தீவின் கிங்ஸ்டன் துறைமுகத்தில் உயிர்நீத்தார்.

ஊறிய நீரிற் பெரும்பகுதி தந்துகிகளுக்கு நேரே திரும்புவதன்று, நிணநீர்க் குழாய்களின் வழியே இரத்தத்தைச் சேர்கின்றதென்பது பிற்கால ஆராய்ச்சியால் தெளிவாகியுள்ளது. ஆசிரியரைத் திருத்திய மாணவர், பின்வந்தோரால் தாமும் திருத்தப்பெற்றார். இஃது அவருக்கு இழுக்கன்று. அறிவு வளரும் முறையே இதுவாம்.