பைக்காரா கரன்ட்டும் சர் சி.பி.யும்

ஊட்டி–கூடலூர் ரோட்டில் போனவங்க எல்லாரும் பைக்காரா ஏரியில் இறங்கி செல்ஃபி எடுத்திருப்போம். அந்தத் தண்ணீரைக் கரன்ட்டாக்கப் போராடியவர்களில் ஒருவர் இன்ஜினியரே இல்லை, ஒரு வக்கீல்!

சி.பி.ராமசாமி ஐயர் 1879-ல் வந்தவாசியில் பிறந்தார். சென்னையில் சட்டம் படித்துப் பெரிய வக்கீலானார். 1923-ல் சென்னை மாகாண அரசின் சட்ட உறுப்பினர் ஆனபோது மின்சாரமும் அவர் பொறுப்பில் வந்தது.

பைக்காரா திட்டத்துக்கு எதிர்ப்பு பலமாக இருந்தது. செலவு ஜாஸ்தி, இவ்வளவு கரன்ட்டை யார் வாங்குவாங்க என்பதுதான் கேள்வி. நம்ம பாஷையில் சொன்னா, லோடு எங்கே? சி.பி. விடவில்லை. 1932-ல் பைக்காரா ஓட ஆரம்பித்தது. சுமார் 3,000 அடி உயரத்திலிருந்து குழாயில் பாயும் தண்ணீர் சிங்காராவில் பெல்டன் டர்பைனைச் சுற்றியது. லோடு கோயம்புத்தூரில் கிடைத்தது. மில்கள் பெருகின, கிணறுகளில் மோட்டார் பம்புகள் வந்தன.

1936-ல் அவர் திருவிதாங்கூர் திவான் ஆனார். 1940-ல் பள்ளிவாசல் மின்நிலையம் அவர் காலத்தில்தான் ஓடத் தொடங்கியது. ஆனா அதே ஆட்சியில்தான் 1946-ல் புன்னப்புரா–வயலாரில் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவிதாங்கூர் தனி நாடு என்றும் அறிவித்தார். 1947 ஜூலையில் அவரை வெட்டினார்கள். உயிர் பிழைத்து, பதவியை விட்டு விலகினார். 1966-ல் லண்டனில் காலமானார். அணைகளோடு சேர்த்து இதையும் படிக்கணும்.

அன்றைய கேள்வி இன்னைக்குத் தலைகீழாக நிற்கிறது. எலக்ட்ரிக் ஸ்கூட்டர், கார் என்று லோடு தானாக வருது. ஆனா எப்போ வருது? எல்லாரும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சார்ஜரைச் சொருகினா, சோலார் அடங்கின நேரத்தில் கிரிட் திணறும். அதே வண்டிகளை மதியம் ஆபீஸிலோ காலேஜிலோ சார்ஜ் பண்ணினா வெயில் கரன்ட் வீணாகாது. மிச்சமாகும் கரன்ட்டில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்க, நீலகிரியிலேயே குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்றுத் திட்டம் போட்டிருக்காங்க.

கரன்ட் உற்பத்தி பண்ணினா மட்டும் போதாது, அதை எங்கே, எப்போ செலவு பண்றோம் என்பதும் திட்டம்தான். பைக்காராவில் அது பலித்தது. அடுத்த முறை சார்ஜர் சொருகும் முன்னாடி மணி பாருங்க!