விளையாட்டு வினையான வரலாறு: கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி

விளையாட்டு வினையாகும் என்பது நம் நாட்டு முதுமொழி. தீங்கில் முடியும் என்னும் பொருளிலேயே பெரியோர் அதனை நமக்கு எடுத்துரைப்பர். ஆயினும் வினை என்னுஞ் சொல்லுக்குத் தொழில் என்னும் பொருளும் உண்டன்றோ? அப்பொருளில் அம்மொழியை மெய்ப்பித்துக் காட்டிய ஒருவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர்தாம் ஆங்கில நாட்டிற் கணிப்பொறிக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராகிய கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி.

அவர் 1916-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் இலண்டன் மாநகரைச் சார்ந்த ஹாம்ஸ்டெட்டிற் பிறந்தார். தந்தையார் ஆலிவர் ஸ்ட்ரேச்சி பகைவரின் மறைமொழிகளை விடுவிப்பதில் வல்லுநர். இரு பெரும் போர்களிலும் அப்பணியாற்றியவர். தாயார் ரே, மகளிர் வாக்குரிமைக்கு உழைத்தவர். வாழ்க்கை வரலாறு எழுதுவதிற் பெயர்பெற்ற லிட்டன் ஸ்ட்ரேச்சி அவருக்குச் சிறிய தந்தையார் முறையினர். எனவே, புதிரை விடுவிக்கும் ஆர்வமும் சொல்லின் மேற் காதலும் அவருக்குக் குடும்பச் சொத்தாகவே வந்தன எனலாம்.

கிரெஷாம் பள்ளியிற் பயின்ற அவர் 1935-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ்ச் சர்வகலாசாலையின் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். கூர்த்த மதியினர், எனினும் பாடத்திற் பொருந்தி நின்றாரல்லர். மூன்றாம் ஆண்டில் மனம் தளர்ந்து நோயுற்றுப் படிப்பை இடைநிறுத்த நேர்ந்தது. பின்னர் மீண்டு வந்து இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவிலேயே தேறினார். ஆராய்ச்சி மாணவராகும் வாயில் அத்துடன் அடைபட்டது. ஒரு தொலைபேசித் தொழிற் கம்பெனியில் வானொலிக் குழல்களை வகுக்கும் வேலையிற் போர்க்காலம் கழிந்தது. போர் முடிந்தபின் காண்டர்பரியிலும், 1949 முதல் ஹாரோப் பள்ளியிலும் அவர் உபாத்தியாயர். பட்டத்தின் தரங்கொண்டு மனிதரை அளப்பார்க்கு அவர் வரலாறு அவ்விடத்தே முடிந்ததாகத் தோன்றியிருக்கும்.

1951-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நண்பர் ஒருவர் வாயிலாக, டெடிங்டனிலுள்ள தேசீய பௌதிக ஆராய்ச்சிச்சாலைக்கு அவர் சென்றார். பைலட் ஏஸ் என்னும் கணிப்பொறியை ஆங்குக் கண்டார். எண்களையும் கட்டளைகளையும் அப்பொறி பாதரசம் நிறைந்த குழாய்களில் ஒலியலைகளாக ஓடவிட்டு நினைவில் வைக்கும். ஓர் அலை ஒருமுறை சுற்றி வர ஏறக்குறைய ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு செல்லும். ஒரு கட்டளை முடியும் அதே கணத்தில் அடுத்த கட்டளை குழாயின் வாயில் வந்து நிற்குமாறு இடமறிந்து அமைத்தல் வேண்டும். இடம் தவறின் ஒரு முழுச் சுற்றுக் காத்திருக்க நேரும். நம் சித்திரகவிகளில், இரத பந்தத்திலும் நாக பந்தத்திலும், இன்ன கட்டத்தில் இன்ன எழுத்து விழ வேண்டும் எனப் புலவர் தமக்குத் தாமே தளையிட்டுக் கொள்ளவில்லையா? அத்தகைய தளை இதுவும்.

எவரும் ஏவாதிருக்க, ஊதியமும் இன்றி, பள்ளி வேலை ஒழிந்த நேரங்களில் ஸ்ட்ரேச்சி இத்தளைக்குள் இறங்கினார். டிராப்ட்ஸ் என்னும் பலகை விளையாட்டைப் பொறிக்குக் கற்பிப்பதே அவர் தேர்ந்த புதிர். நம் ஆடுபுலி ஆட்டத்திற் போலவே தாவி வெட்டுதல் உள்ள ஆட்டம் அது. ஆடுதற்குரிய கட்டங்கள் 32. கறுப்புக் காய்கள் இருக்குமிடத்தை ஒரு வரிசையும், வெள்ளைக் காய்களை மற்றொரு வரிசையும், அரசர் காய்களை மூன்றாம் வரிசையும் குறிக்க, ஒன்றும் சுழியுமாகிய இலக்கங்களால் ஆன மூன்று வரிசைகளுக்குள் ஆட்டம் முழுவதையும் அடக்கினார். அவ்வாண்டு ஜூலையில் அந்நிரலை ஓட்டிப் பார்த்தபோது பிழைகள் மலிந்து இடையில் நின்றது. அவரோ பின்வாங்கினாரல்லர்.

அக்காலை மான்செஸ்டரிற் பெரியதொரு பொறி இருப்பதறிந்து, கல்லூரி நாளிலேயே அறிமுகமான ஆலன் டியூரிங்குக்கு எழுதினார். டியூரிங் இயற்றிய கையேட்டையும் பெற்றார். புரிதற்கு அரிதெனப் பெயர்பெற்ற நூல் அது. அப்பொறியின் மொழியில் எண்களைத் தந்தி அச்சுக்குரிய 32 குறிகளால் எழுத வேண்டும். அதுவும் சிற்றிலக்கம் முன்னாகத் தலைகீழாய். நான்கு குறிகள் சேர்ந்தது ஒரு கட்டளை. முற்றும் புதிய அம்மொழியை அவர் தனித்திருந்தே கற்றார். ஒரு நிரல் அடியடியாக ஓடுவதைப் பொறியே கண்காணித்துப் பிழை காட்டுமாறு செய்யலாகுமா என்னும் புதிரை டியூரிங் அவர்முன் வைத்தார். ஸ்ட்ரேச்சி ஏறக்குறைய ஆயிரம் கட்டளைகள் கொண்ட நிரலுடன் மான்செஸ்டர் சென்றார். அத்துணை நீண்ட நிரலை அங்கு எவரும் அதுகாறும் கொணர்ந்ததில்லை. ஒருநாள் இரவு முழுதும் பொறியுடன் தனித்திருந்து பிழை களைந்தார். காலையில் நிரல் ஓடி முடிந்தது. முடிவில், எச்சரிக்கை ஒலிக்கென அமைந்த ஊதுகருவியின் வழியே ஆங்கில நாட்டு அரச கீதத்தையும் பொறி இசைத்தது! கேட்டோர் வியந்தனர்.

அச்செய்தி விரைந்து பரவிற்று. தேசீய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகத்தின் தலைமை அலுவலராகிய ஹால்ஸ்பரிப் பிரபு அவரைத் தம் கழகத்துக்கு அழைத்துக் கொண்டார். 1952-ல் உபாத்தியாயர் பணியை விடுத்துக் கணிப்பொறியையே தொழிலாகக் கொண்டபோது அவருக்கு வயது 35. அவ்வாண்டிலேயே டிராப்ட்ஸ் நிரலும் மான்செஸ்டரில் நன்கு ஆடிற்று. காதற் கடிதங்களைத் தானே புனையும் நிரலொன்றையும் வேடிக்கையாக இயற்றினார். கனடா நாட்டில் செயின்ட் லாரன்ஸ் நதியிற் கப்பல் வழி அமைப்பதற்கான நீர்க்கணக்குகளையும் அவர் கை செய்தது. பெகாசஸ் என்னும் பொறியின் அமைப்பையும் வகுத்தது.

பொறியின் வாயிற்படியில் விளையாடிய அனுபவமே பிற்கால ஆராய்ச்சிக்கும் வித்தாயிற்று என்பது நம் கருத்து. மனிதர் கட்டளையெழுதிப் படும் பாட்டைத் தாமே பட்டறிந்தவர் ஆதலின், பலர் ஒரே பொறியைப் பகிர்ந்து பயன்படுத்தும் முறை குறித்து 1959-ல் எழுதினார். 1962 முதல் கேம்பிரிட்ஜில் சி.பி.எல். என்னும் உயர்நிலை மொழியைப் பிறரோடு கூடி ஆக்கினார். அதன் வழித்தோன்றலே பி.சி.பி.எல்.; அதன் வழியில் வந்தது பி; அதன் வழியிலே சி. இன்று உலகெங்கும் வழங்கும் சி மொழிக்குக் கொள்ளுப்பாட்டனாரைப் படைத்தவருள் அவரும் ஒருவர் என்க. 1965-ல் ஆக்ஸ்பர்டில் நிரலாக்க ஆராய்ச்சிக் குழுவை நிறுவினார். டானா ஸ்காட் என்னும் தருக்க அறிஞருடன் கூடி, நிரலின் பொருள் யாது என்னும் வினாவுக்குக் கணித வாயிலாக விடை காண முயன்றார். சொல்லுக்கும் பொருளுக்குமுள்ள உறவை ஆராயும் தமிழ் மாணவராகிய நமக்கு அவ்வினா அந்நியமன்று.

அவருடைய குறையையும் மறைத்தல் தகாது. முற்றுந் திருந்தினாலன்றி அச்சேற்றார். ஆதலின் அவர் எழுதி வெளிவந்தவை சில. 1967-ல் கோபன்ஹேகனில் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவுகளின் குறிப்புகள் கையிற் கையாக உலவி, 2000-ஆம் ஆண்டிலேயே சஞ்சிகையில் வெளிவந்தன. அவரோ 1975-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் ஈரல் நோயால், 58-ஆம் வயதில் மறைந்தார். சொல்லாது எஞ்சியவை எத்துணையோ!

நண்பர்காள்! இக்காலத்தும் மாணாக்கர் சிலர் எளிய மொழிகள் பல இருக்க, பழக்கமில்லாப் பொறிமொழியொன்றை வேண்டுமென்றே தெரிந்தெடுத்து அதிற் புதிர்களை விடுவித்து மகிழ்கின்றனர். பரீட்சைக்கு உதவாது, பொருள் ஈட்டாது என்று அவரை நகைப்பாரும் உளர். ஸ்ட்ரேச்சியின் ஆயிரம் கட்டளைகளும் அவருடைய பள்ளிக்கு யாதும் பயன்பட்டில. ஆயினும் பரீட்சை அடைத்த கதவை அவையே திறந்தன. எல்லா விளையாட்டும் அவ்வாறு திறக்கும் என்று கூறோம். அவர் விளையாடியவாறு, பிழை மலிந்த நிரலைக் கைவிடாது விடியுமளவும் இருந்து திருத்தும் விளையாட்டு வீண் போகாது என்று மட்டும் துணிந்து கூறுவோம்.