சீனியின் புதிரை அவிழ்த்த எமில் ஃபிஷரை நோயாளி ஆக்கியது எது?

குளுக்கோஸ் என்ற சொல்லை ரத்தப் பரிசோதனை அறிக்கையில் பார்த்திருப்பீர்கள். பானப் புட்டிகளிலும் பார்த்திருப்பீர்கள்.

அந்த மூலக்கூற்றில் அணுக்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை 1891இல் கண்டறிந்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர். அதற்கு அவருக்குக் கைகொடுத்த பொருள்தான் அவருடைய உடம்பையும் கெடுத்தது.

வியாபாரம் சரிப்பட்டு வரல!

ஃபிஷர் 1852இல் கொலோன் நகருக்கு அருகே உள்ள ஒய்ஸ்கிர்ஷனில் பிறந்தார். அவருக்கு அறிவியல் படிக்க ஆசை, குறிப்பாக இயற்பியல். அப்பாவோ அவரைக் குடும்பத்தின் மர வியாபாரத்தில் உட்கார வைத்தார். கொஞ்ச நாளிலேயே மகனுக்கு வியாபாரம் வராது என்பது அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. படிக்க அனுப்பினார். நல்ல வேளை!

ஸ்ட்ராஸ்பர்க்கில் அடால்ஃப் ஃபான் பேயரிடம் படித்து 1874இல் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே ஃபெனைல்ஹைட்ரசின் என்ற புதிய பொருளைக் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு 25 வயதுகூட ஆகவில்லை.

சீனியில் அப்படி என்ன சிக்கல்?

நாம் சீனி என்றால் வெள்ளையாக, மணல் மாதிரி இருப்பதை நினைப்போம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் பல சீனி வகைகள் பாகாகத்தான் நிற்கும். இலேசில் படிகமாகாது. கையில் இருப்பது எந்தச் சீனி, எவ்வளவு சுத்தம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு தலைவலியும் உண்டு. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், மன்னோஸ் மூன்றிலும் இருப்பவை ஒரே அணுக்கள்: 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். எண்ணிக்கையில் வித்தியாசமே இல்லை. அணுக்கள் நிற்கும் விதம்தான் வேறு.

1884இல் ஃபிஷர் தம்முடைய பழைய ஃபெனைல்ஹைட்ரசினைச் சீனியோடு சேர்த்துப் பார்த்தார். பாகிலிருந்து அழகான மஞ்சள் படிகங்கள் வந்தன! அவை எந்த வெப்பத்தில் உருகுகின்றன என்று பார்த்துச் சீனியை அடையாளம் காண முடிந்தது.

அதைவிடச் சுவாரஸ்யமான விஷயம் ஒன்று. மேலே சொன்ன மூன்று சீனிகளும் ஒரே படிகத்தைத் தந்தன. ஃபெனைல்ஹைட்ரசின் முதல் இரண்டு கார்பன்களை மட்டுமே மாற்றும். அப்படின்னா, மீதி நான்கு கார்பன்களின் அமைப்பு மூன்றிலும் ஒன்றுதான்! துப்பறிவாளர் போல இப்படி ஒவ்வொரு தடயமாகச் சேர்த்துக்கொண்டே போனார்.

1890இல் கிளிசரினிலிருந்து தொடங்கி இந்த மூன்று சீனிகளையும் ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். குளுக்கோஸ் வகைச் சீனிக்கு மொத்தம் 16 வடிவங்கள் சாத்தியம். அவற்றில் குளுக்கோஸ் எது என்பதை அடுத்த ஆண்டு கண்டறிந்தார்.

கடைசிப் படியில் மட்டும் ஊகிக்க வேண்டியிருந்தது. வலது கையும் இடது கையும் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இரண்டு வடிவங்கள். எது சரி என்று சொல்ல அன்று வழியே இல்லை. ஃபிஷர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். 1951இல்தான் நெதர்லந்தில் எக்ஸ்ரே ஆய்வுமூலம் அது சரி என்று தெரியவந்தது. பாதிக்குப் பாதி வாய்ப்பு, சரியாக அமைந்துவிட்டது.

தேநீரிலும் காப்பியிலும் உள்ள கஃபீனை 1895இல் முதன்முதலில் செயற்கையாகத் தயாரித்ததும் அவர்தான். சீனி ஆய்வுக்கும், கஃபீன் சேர்ந்த பியூரின் குடும்பத்தைப் பற்றிய ஆய்வுக்கும் 1902இல் நோபெல் பரிசு கிடைத்தது.

உடம்புக்கு என்ன ஆனது?

ஃபெனைல்ஹைட்ரசின் நச்சு என்பது ஃபிஷருக்கு ஆரம்பத்தில் தெரியாது. ஆண்டுக்கணக்கில் அதோடுதான் புழங்கினார். தோல் நோய் வந்தது, வயிறு கெட்டது. அந்தக் காலத்து ஆய்வுக்கூடங்களில் இன்றைய பாதுகாப்பு ஏற்பாடுகளை எதிர்பார்க்க முடியாது.

வீட்டிலும் நிம்மதி நீடிக்கவில்லை. திருமணமாகி 7 ஆண்டுகளில், 1895இல், மனைவி ஆக்னஸ் இறந்துவிட்டார். மூன்று மகன்கள். முதல் உலகப் போர் தொடங்கியபோது ஜெர்மனியை ஆதரித்து 93 அறிஞர்கள் வெளியிட்ட அறிக்கையில் ஃபிஷரும் கையெழுத்திட்டார். அந்தப் போர்க்காலத்திலேயே இரண்டு மகன்களைப் பறிகொடுத்தார். ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். இன்னொருவர் புக்கரெஸ்ட்டில் டைஃபஸ் காய்ச்சலுக்குப் பலியானார். புற்றுநோயால் அவதிப்பட்ட ஃபிஷர், 1919 ஜூலை 15ஆம் தேதி பெர்லினில் காலமானார்.

எஞ்சிய மகன் ஹெர்மனும் வேதியியலாளர் ஆனார். பின்னர் கனடாவின் டொரொன்டோவிலும் அமெரிக்காவின் பெர்க்லியிலும் பணிபுரிந்தார். அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட துறையும் சீனிதான்.